ஆங்கிலத்தில் போய் ஸ்பானிஷில் திரும்பியவர்: குளோரியா எஸ்தெஃபானின் பாதை

1980 நவம்பரில் அமெரிக்காவின் மயாமி நகரம் அடங்கிய டேடு கவுண்டியில், நம் மாவட்டம் மாதிரியான பகுதியில், ஒரு வாக்கெடுப்பு நடந்தது. கவுண்டி நிர்வாகத்தின் பணத்தை ஆங்கிலம் தவிர வேறெந்த மொழிக்கும் செலவழிக்கக் கூடாது, சரியா என்று கேட்டார்கள். சரி என்று பெரும்பான்மை சொன்னது. அந்த வருடம் ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் நடுவில் கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,25,000 பேர் படகுகளில் வந்து இறங்கியிருந்தார்கள். ஊரில் எங்கே பார்த்தாலும் ஸ்பானிஷ் பேச்சு. அதன் மேல் இருந்த எரிச்சல் சட்டமாக மாறியது.

அப்போது அதே ஊரில் கல்யாணங்களுக்கும் பிறந்தநாள் விழாக்களுக்கும் வாசித்துக்கொண்டிருந்த ஒரு குழு, ஸ்பானிஷ் பாட்டுகளைப் பதிவுசெய்து லத்தீன் அமெரிக்க நாடுகளில் விற்றுவந்தது. பெயர் மயாமி சவுண்ட் மெஷின். பாடகிக்கு 23 வயது. கைக்குழந்தைக்காரி.

13 வருடம் கழித்து, 1993 மே மாதம், அந்தச் சட்டம் ரத்தானது. அடுத்த மாதம் அதே பாடகி, ஒரு வரி ஆங்கிலம்கூட இல்லாத ஒரு ஆல்பத்தை வெளியிட்டார். பெயர் 'மி தியேர்ரா', அதாவது என் மண். அமெரிக்காவின் லத்தீன் ஆல்பம் பட்டியலில் அது 58 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. சட்டம் போனதற்கும் ஆல்பம் வந்ததற்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் குளோரியா எஸ்தெஃபானின் கதை ஒழுங்காகப் புரிகிறது.

வழக்கமாக இந்தக் கதையை வேறு மாதிரி சொல்வார்கள். லத்தீன் பாடகி ஒருவர் ஆங்கிலத்துக்கு வந்தார், எல்லையைத் தாண்டினார், ரிக்கி மார்ட்டினுக்கும் ஷகீராவுக்கும் வழி போட்டார் என்று. பொய்யில்லை. பாதிதான் உண்மை. அவர் ஆங்கிலத்துக்குப் போனதைவிட, போன பிறகு திரும்பி வந்த விதம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

முதலில் 'லத்தீன் இசை' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அது இசைத்தட்டுக் கடைக்காரர்கள் அலமாரியில் ஒட்டிய சீட்டு. கியூபாவின் சோன், டொமினிக்கன் குடியரசின் மெரெங்கே, கொலம்பியாவின் வய்யெனாத்தோ, மெக்சிகோவின் ரான்ச்சேரா எல்லாம் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள்கூட இல்லை என்று சொல்லும் அளவுக்கு வேறுபட்டவை. மொழி ஒன்று என்பதற்காக ஒரே பெட்டியில் போட்டுவிட்டார்கள். குளோரியாவின் பெட்டிக்குள் இருந்தது கியூபா. அதுவும் அவர் நினைவில் இல்லாத கியூபா.

அவர் ஹவானாவில் பிறந்தது 1957 செப்டம்பர் 1. முழுப்பெயர் குளோரியா மரியா மிலாக்ரோசா ஃபஹார்தோ கார்சியா. அப்பா ஹோசே ஃபஹார்தோ, அன்றைய அதிபர் பத்தீஸ்தாவின் குடும்பத்துக்குப் பாதுகாப்புப் பணியில் இருந்தவர். ஃபிடல் காஸ்ட்ரோவின் 1959 புரட்சியில் பத்தீஸ்தா ஓடினார். அவருடைய காவலர்களுக்கும் ஊரில் இடமில்லாமல் போனது. குடும்பம் மயாமிக்கு வந்து சேர்ந்தது. குழந்தைக்கு அப்போது நடை பழகும் வயது.

அப்பா சும்மா இருக்கவில்லை. 1961 ஏப்ரலில் காஸ்ட்ரோவைக் கவிழ்க்க அமெரிக்க உளவுத்துறை ஏற்பாடு செய்த 'பன்றிகள் விரிகுடா' படையெடுப்பில் போனார். மூன்றே நாளில் அது தோற்றது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சிறைப்பட்டார்கள், அவரும்தான். அவரைப் பிடித்தது காஸ்ட்ரோவின் படையில் இருந்த அவருடைய சொந்த உறவினர் என்று குடும்பத்தில் சொல்வார்கள். ஏறக்குறைய இரண்டு வருடம் சிறை. 1962 டிசம்பரில், 5 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள உணவும் மருந்தும் கொடுத்து அமெரிக்கா அவர்களை மீட்டது. அதுவரை குளோரியாவும் அம்மாவும் மயாமியின் ஆரஞ்சு பவுல் மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்த மலிவுக் குடியிருப்பில் இருந்தார்கள். சுற்றிலும் அதே மாதிரிக் குடும்பங்கள். ஆண்கள் கியூபாவில் சிறையில், பெண்களும் குழந்தைகளும் இங்கே.

திரும்பி வந்த அப்பா அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து வியட்நாம் போனார். கடிதம் எழுதுவதற்குப் பதில் ஒலிநாடாவில் பேசி அனுப்பிக்கொண்டார்கள். இங்கிருந்து போன நாடாக்களில் சிறுமி குளோரியா கிட்டார் வாசித்துப் பாடியிருக்கிறாள். அவருடைய முதல் ரசிகர் போர்முனையில் இருந்த ஒரு சிப்பாய் என்று சொல்லலாம். வியட்நாமிலிருந்து வந்த அப்பாவுக்குக் கால் தடுமாற ஆரம்பித்தது. நரம்பு மண்டலத்தைத் தின்னும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள் மருத்துவர்கள். அங்கே தெளிக்கப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்சு களைக்கொல்லிதான் காரணம் என்று குடும்பம் நம்பியது.

அம்மா கியூபாவில் ஆசிரியை. அந்தப் படிப்பு அமெரிக்காவில் செல்லவில்லை. பகலில் வேலை, இரவில் படிப்பு என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அப்போது அப்பாவைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, தங்கையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் 11, 12 வயதுப் பெண்ணின் தலையில் விழுந்தது. 16 வயதுவரை அப்படித்தான். அழுவதற்கு வழியில்லாததால், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிட்டாரோடு பாடுவாராம். அதுதான் தனக்கு அழுகை என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்பா இறந்தது 1980இல்.

இந்த அம்மாவுக்கும் ஒரு கதை உண்டு. சிறுமியாக இருந்தபோது, ஹாலிவுட் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளுக்கு ஸ்பானிஷில் குரல் கொடுக்க நடந்த போட்டியில் ஜெயித்தவர். அவருடைய அப்பா அனுப்ப மறுத்துவிட்டார். தடுக்கப்பட்டவரே பிற்காலத்தில் மகள் மேடையேறுவதைத் தயங்கித் தயங்கித்தான் பார்த்தார். 'படித்த பெண்ணுக்கு இது எதற்கு' என்கிற அந்தத் தயக்கத்தை விளக்கவே வேண்டாம், நம் வீடுகளிலும் பார்த்ததுதான். பாட்டி கொன்சுவேலோ மட்டும் பேத்தியைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார்.

அப்புறம் வந்தது எமிலியோ. கியூபாவின் இன்னொரு முனையான சாந்தியாகோவில் பிறந்தவர், லெபனான் வழி வந்த குடும்பம். பதின்ம வயதில் அப்பாவோடு ஸ்பெயினுக்குப் போய், அங்கிருந்து மயாமிக்கு வந்தவர். பகார்டி மது நிறுவனத்தில் தபால் பிரிக்கும் வேலையில் சேர்ந்து, ஸ்பானிஷ் பேசும் வாடிக்கையாளர்களுக்கான விற்பனைப் பிரிவில் மேலே வந்தார். சாயங்காலங்களில் அக்கார்டியன் வாசிப்பார். 'மயாமி லத்தீன் பாய்ஸ்' என்று ஒரு குழு வைத்திருந்தார். 1975இல் ஒரு கல்யாண வீட்டில் குளோரியாவும் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரியும் மேடையேறி இரண்டு பாட்டுப் பாடினார்கள். எமிலியோ இருவரையும் குழுவுக்குக் கூப்பிட்டார். பெண்கள் சேர்ந்த பிறகு 'பாய்ஸ்' பொருந்தாதே, பெயர் மாறியது. சனி, ஞாயிறில் மட்டும் பாடுவேன், படிப்பை விடமாட்டேன் என்பது குளோரியாவின் நிபந்தனை. மயாமி பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தார், பிரெஞ்சும் கூடவே. மயாமி விமான நிலையத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை. அங்கே இருந்தபோது சி.ஐ.ஏ.வே தன்னை வேலைக்குக் கேட்டது என்று பிறகு சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். 1978 செப்டம்பரில் எமிலியோவைக் கல்யாணம் செய்துகொண்டார்.

மயாமியின் கல்யாண வீடுகள் அந்தக் குழுவுக்கு என்ன கற்றுக்கொடுத்தன என்பதை யாரும் போதுமான அளவு எழுதவில்லை என்று நினைக்கிறேன். ஒரு கியூபக் கல்யாணத்தில் தாத்தா பாட்டிக்கு பொலேரோவும் சோனும் வேண்டும். அப்பா அம்மாவுக்கு மம்போ. அமெரிக்காவில் வளர்ந்த பேரப் பிள்ளைகளுக்கு டிஸ்கோ. ஒரே மேடை, ஒரே ராத்திரி, மூன்று தலைமுறையும் எழுந்து ஆட வேண்டும். இல்லையென்றால் அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். 'கலப்பு இசை' என்று விமர்சகர்கள் பிற்காலத்தில் பெயர் வைத்தது, அவர்களுக்கு வாராந்தரப் பிழைப்பு.

சி.பி.எஸ். இசைத்தட்டு நிறுவனத்தின் லத்தீன் பிரிவில் ஒப்பந்தம் கிடைத்தது. வெனிசுவேலா, பெரு, பனாமா போன்ற நாடுகளில் மைதானங்களை நிரப்பினார்கள். சொந்த நாட்டில், அதாவது அமெரிக்காவில், ஸ்பானிஷ் வானொலியைத் தாண்டி ஒருவருக்கும் தெரியாது. 1984இல் முதல் ஆங்கில ஆல்பம். அதிலிருந்த 'டாக்டர் பீட்' பிரிட்டனில் 6வது இடம்வரை போனது. ஐரோப்பாவுக்கு அழைப்பு வந்தது. நெதர்லாந்தில் ஒரு கச்சேரி. ஆங்கிலப் பாட்டுகள் தீர்ந்துவிட்டன, கூட்டம் விடவில்லை. வேறு வழியின்றி மயாமிக் கல்யாணங்களில் வாசிக்கும் பழைய கியூப ஆட்டப் பாட்டுகளான கொங்காக்களை எடுத்துவிட்டார்கள். ஒரு சொல்லும் புரியாத டச்சுக்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். அங்கிருந்து லண்டன் போகும் விமானத்தில் டிரம்மர் கிக்கி கார்சியா ஒரு பாட்டு எழுதினார். ஆங்கிலச் சொற்கள், கியூப அடி. அதுதான் 'கொங்கா'.

பதிவு நிறுவனத்து ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை. அமெரிக்கர்களுக்கு இது ரொம்ப லத்தீன், லத்தீன்காரர்களுக்கு இது ரொம்ப அமெரிக்கன் என்றார்கள். ஊதுகருவிகளைக் குறை, தாளத்தைக் குறை, முடிந்தால் குடும்பப் பெயரையும் மாற்று என்ற தோரணையில் யோசனைகள் வந்தன. எமிலியோ எதையும் குறைக்கவில்லை. 1985இல் வெளியான 'கொங்கா' மறு வருடத் தொடக்கத்தில், அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டு வாராவாரம் போடும் வெற்றிப் பாட்டுப் பட்டியலில் 10வது இடத்தைத் தொட்டது. பாப், நடனம், கறுப்பின இசை, லத்தீன் என்ற நான்கு பில்போர்டு பட்டியல்களிலும் ஒரே நேரத்தில் இடம்பிடித்த முதல் பாட்டு என்று அதைக் குறிப்பிடுவார்கள். நான்கு பெட்டிகளிலும் ஒரே பொருள் இருந்தால், பெட்டியில்தான் ஏதோ கோளாறு.

அந்தப் பாட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். கியூப இசைக்கு அடியில் 'கிளாவே' என்று ஒரு கணக்கு ஓடும். இரண்டு மரக்குச்சிகளைத் தட்டி எழுப்பும் ஐந்து அடிகள். 16 துடிப்பு கொண்ட ஒரு சுற்றில் இவை 3, 3, 4, 2, 4 என்று விழும். நமக்கு இது ரொம்ப சுலபம். 'தகிட தகிட தகதிமி தக தகதிமி' என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு சொற்கட்டின் முதல் எழுத்திலும் கை தட்டுங்கள், கிளாவே வந்துவிடும். முதல் பாதியில் மூன்று அடி, இரண்டாம் பாதியில் இரண்டு. பியானோ, பாஸ், ஊதுகருவி எல்லோரும் இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் இழுப்பார்கள், விடுவார்கள். அமெரிக்க பாப்பின் ஆதாரமோ வேறு. நாலு எண்ணிக்கை, அதில் இரண்டிலும் நாலிலும் ஸ்நேர் டிரம் பளாரென்று விழ வேண்டும். அதில் பழகிய காதுக்குக் கிளாவே காலை வாரும். எங்கே அடி வைப்பது என்று தெரியாது.

'கொங்கா' செய்த தந்திரம் எளிமையானது. தரையாக டிரம் மெஷினின் நேரான அடியைப் போட்டார்கள். அதன் மேல் கியூப தாளக் கருவிகளும் டிரம்பெட்டும். நடுவில் ஒரு பியானோ தனி வாசிப்பு வரும், 'மொந்தூனோ' என்பார்கள், ஒரே சிறு வடிவத்தைத் திருப்பித் திருப்பி வாசித்துச் சூடேற்றுவது. அதை வாசித்தவர் பக்கீத்தோ எச்சவர்ரியா, கியூபாவிலிருந்து வந்த பழைய தலைமுறைப் பியானோக் கலைஞர். பாட்டில் துளியும் விட்டுக்கொடுக்காத கியூபா என்றால் அந்தச் சில நொடிகள்தான். கேட்கிறவர் ஆடத் தெரிந்த தரையில் நிற்கிறார், தலைக்கு மேலே மட்டும் வேறு ஊர் மழை பெய்கிறது.

கொங்கா என்பது சாந்தியாகோ திருவிழாக்களில் தெருத் தெருவாகப் போகும் டிரம் ஊர்வலத்தின் தாளம். ஒருவர் பின் ஒருவராக இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று அடி வைத்து நாலாவதில் உதைக்கும் கொங்கா வரிசையை 1930களிலேயே அமெரிக்க நடனக் கூடங்களுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் தேசி அர்னாஸ், அவரும் சாந்தியாகோக்காரர். ஆக அரை நூற்றாண்டு முன்பு ஒரு தடவை எல்லை தாண்டிய சரக்கு இது. 1988 மார்ச் 13 அன்று மயாமியின் கய்யே ஓச்சோ தெருத் திருவிழாவில் 1,19,986 பேர் ஒரே கொங்கா வரிசையாக நின்று ஆடி கின்னஸில் ஏறினார்கள். அந்த மேடையில் இருந்தது மயாமி சவுண்ட் மெஷின். ஆங்கிலம் தவிர வேறெதற்கும் காசு கிடையாது என்ற சட்டம் அப்போதும் அமலில்தான் இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஒலியை ஸ்டூடியோவில் உட்கார்ந்து கட்டியதில் பெரும் பங்கு ஜோ கால்டோ, லாரன்ஸ் டெர்மர், ரஃபேல் விஹில் என்ற மூன்று பேருடையது. மேடையில் அவர்கள் கிடையாது. குழுவின் பெயரும் மெல்லச் சுருங்கிக்கொண்டே வந்தது. 1985இல் மயாமி சவுண்ட் மெஷின். 1987இல் குளோரியா எஸ்தெஃபானும் மயாமி சவுண்ட் மெஷினும். 1989இல் குளோரியா எஸ்தெஃபான் மட்டும். ஆரம்பகாலக் கலைஞர்கள் பெரும்பாலோர் அதற்குள் விலகிவிட்டார்கள், 'கொங்கா' எழுதிய கிக்கி கார்சியா உட்பட. பாப் வியாபாரத்தில் இது புதிதல்ல. ஆனாலும் இது கணவன் மனைவி இருவரின் வெற்றிக் கதையாக மட்டும் சொல்லப்படும்போது இந்தப் பெயர்கள் காணாமல் போகின்றன.

இன்னொன்று. அவரை உலகம் அறிந்தது ஆட்டப் பாட்டுகளால். ஆனால் பில்போர்டு முக்கியப் பட்டியலில் அவர் மூன்று முறை முதலிடத்துக்குப் போனது மெதுவான பாட்டுகளால்தான். 1988இல் 'எனிதிங் ஃபார் யூ', 1989இல் 'டோன்ட் வானா லூஸ் யூ', 1991இல் 'கம்மிங் அவுட் ஆஃப் த டார்க்'. முதல் இரண்டும் அவரே தனியாக எழுதியவை. கிளாவேயும் இல்லை, கொங்காவும் இல்லை. சாதாரண அமெரிக்கக் காதல் பாட்டு. லத்தீன் என்ற சீட்டு ஒட்டாத இடத்தில்தான் அவர் உச்சிக்குப் போனார் என்பதைக் கவனிக்க வேண்டும். அதோடு, 'டோன்ட் வானா லூஸ் யூ'வை ஸ்பானிஷிலும் பாடி லத்தீன் பட்டியலிலும் முதலிடம் வாங்கினார். ஒரு கதவு திறந்ததும் மறு கதவைப் பூட்டிக்கொள்ளாத புத்தி அது.

மூன்றாவது பாட்டுக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 1990 மார்ச் 20. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் கச்சேரி. முந்தைய நாள்தான் வெள்ளை மாளிகையில் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷைச் சந்தித்திருந்தார்கள். பென்சில்வேனியாவின் போக்கனோ மலைப்பகுதியில் பனி கொட்டுகிறது. நெடுஞ்சாலையில் போக்குவரத்து நின்றிருந்தது. நின்றிருந்த அவர்கள் பேருந்தின் பின்னால் ஒரு கனரக லாரி வந்து மோதியது. உள்ளே படுத்திருந்த குளோரியா தூக்கி எறியப்பட்டார். முதுகெலும்பு முறிந்தது. ஒன்பது வயது மகனுக்குத் தோள்பட்டை எலும்பு. தனக்குக் கால்கள் செயலிழந்து போகுமோ என்ற பயத்தைவிட, அப்பா மாதிரி படுக்கையில் கிடந்து மற்றவர்களுக்குச் சுமையாகிவிடுவோமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது என்று சொல்லியிருக்கிறார். 11 வயதிலிருந்து நோயாளியைப் பார்த்துக்கொண்டவருக்கு அந்தப் பயம் எப்படி இருந்திருக்கும் என்று நாம் யோசித்துக்கொள்ளலாம்.

நியூயார்க்கில் அறுவை சிகிச்சை. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் டைட்டானியம் கம்பிகள் வைத்தார்கள். மருத்துவமனைக்கு ஹெலிகாப்டரில் போகும்போது மேகங்களுக்கு நடுவில் ஒரு வெளிச்சக் கீற்று தெரிந்ததாம். எமிலியோ ஒரு துண்டுத்தாளில் கிறுக்கி வைத்த சில சொற்கள்தான் பிறகு பாட்டாயிற்று. 1991 ஜனவரியில் அமெரிக்க இசை விருது விழா மேடையில் அதைப் பாடிக்கொண்டு வந்து நின்றார். பத்து மாதம்தான் ஆகியிருந்தது. மார்ச்சில் உலகப் பயணம் தொடங்கியது.

இதற்குப் பிறகு ஒரு பாப் நட்சத்திரம் செய்ய வேண்டியது என்ன? அதே மாதிரி இன்னும் நாலு ஆல்பம். அவர் செய்ததோ 'மி தியேர்ரா'. அதுவரை சேர்த்த பேரையும் பணத்தையும் நிறுவனத்தில் இருந்த செல்வாக்கையும் கொண்டுவந்து, 1940களின் கியூப இசை மேல் பந்தயம் கட்டினார். சோன், பொலேரோ, தன்சோன், குவாஹிரா. பழைய பாட்டுகளைத் திரும்பப் பாடவில்லை, பழைய வடிவங்களில் புதிதாக எழுதினார்கள். கொலம்பியாவைச் சேர்ந்த எஸ்தெஃபானோ பல பாட்டுகளை எழுதினார். குளோரியாவும் எழுதினார்.

யார் யார் வாசித்தார்கள் என்ற பட்டியலைப் பார்த்தால்தான் அந்த ஆல்பம் என்ன என்பது தெரியும். கியூபாவின் பக்கீத்தோ தெரிவேரா, 1980இல் வெளியேறிய சாக்ஸபோன் கலைஞர். டிரம்பெட் ஆர்துரோ சாந்தோவால், 1990இல் வெளியேறியவர். டிம்பாலே என்ற இரட்டை டிரம்மில் டிட்டோ புவெந்தே, நியூயார்க்கில் வளர்ந்த போர்த்தோ ரிக்கோக்காரர். தந்திக் கருவிகளுக்கு லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா. எல்லாவற்றுக்கும் மேலாக, பாஸ் வாசித்த இஸ்ரயேல் லோப்பெஸ், 'கச்சாவ்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். 1918இல் பிறந்தவர். 1930களின் கடைசியில் அண்ணன் ஒரேஸ்தெஸோடு சேர்ந்து தன்சோனுக்குள் புது அசைவைப் புகுத்தி, பிறகு உலகம் மம்போ என்று ஆடியதற்கு விதை போட்டவர். அப்படிப்பட்டவர் மயாமியில் கல்யாணங்களிலும் சிறு விழாக்களிலும் வாசித்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். 1993இல் அவரைப் பற்றி நடிகர் ஆண்டி கார்சியா ஓர் ஆவணப்படம் எடுத்தார். மறு வருடம் எமிலியோவின் கிரசன்ட் மூன் நிறுவனம் அவருடைய இசைத்தட்டை வெளியிட, அதற்குக் கிராமி விருது கிடைத்தது.

'மி தியேர்ரா' தீவைப் பற்றிய ஆல்பம், ஆனால் தீவில் இருந்தவர்கள் அதில் இல்லை. தீவை விட்டு வெளியே வந்தவர்கள் நினைவிலிருந்து கட்டிய கியூபா அது. அதில் 1959க்குப் பிறகு காலமே நகரவில்லை. தீவில் அதே சமயம் இளைஞர்கள் 'திம்பா' என்ற வேறொரு முரட்டு நடன இசைக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள், அதன் சாயல்கூட இங்கே கிடையாது. பளபளப்பும் கொஞ்சம் அதிகம்தான். ஓரங்கள் எல்லாம் தேய்க்கப்பட்ட கியூபா என்று குறை சொன்னவர்கள் உண்டு, எனக்கும் அதில் பாதி உடன்பாடு. ஆனால் பாடகிக்கே நினைவில்லாத ஊரைப் பற்றிய ஏக்கம் அது என்பதை மறக்கக் கூடாது. அது பாட்டி சொன்ன ஊர். சொன்ன ஊர் எப்போதும் இருந்த ஊரைவிட அழகாகத்தான் இருக்கும். ஹவானாவின் வயதான கலைஞர்களை அங்கேயே போய்ப் பதிவுசெய்த புவேனா விஸ்தா சோஷியல் கிளப் உலகச் சந்தைக்கு வந்தது அதற்கு நாலு வருடம் கழித்து, 1997இல்.

வியாபாரக் கோணத்திலும் அது ஒரு திருப்பம். பில்போர்டு 1993 ஜூலையில்தான் எல்லா வகை லத்தீன் ஆல்பங்களையும் சேர்த்து ஒரு பட்டியல் தொடங்கியது. அதன் முதல் வாரத்து முதலிடம் 'மி தியேர்ரா'வுக்கு. ஸ்பானிஷ் ஆல்பத்தை அமெரிக்கப் பெருநகரக் கடைகளின் முன்வரிசையில் வைக்கலாம், விற்கும் என்று காட்டியது அது. 1995இல் 'அப்ரியெந்தோ புவேர்த்தாஸ்', அதாவது கதவுகளைத் திறந்து. இந்தத் தடவை கியூபாவோடு கொலம்பியாவின் வய்யெனாத்தோவும் சேர்ந்தது. இரண்டுக்கும் கிராமி.

அதற்குப் பிறகான மேடைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் நிறைவு விழா, அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் இடைவேளை நிகழ்ச்சிகள், 1999இல் மெரில் ஸ்ட்ரீப்போடு ஒரு படம். 2015 நவம்பரில் கணவன் மனைவி இருவருக்கும் அதிபர் ஒபாமா கையால் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருது. அதே மாதம் பிராட்வேயில் அவர்கள் வாழ்க்கையே ஒரு இசை நாடகமாக மேடையேறி, 2017 வரை ஓடியது. 2019இல் பாப் பாட்டுக்காக அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தரும் கெர்ஷ்வின் பரிசு, அதைப் பெற்ற முதல் தம்பதி. 2023இல் பாடலாசிரியர் மரபுக் கூடத்தில் இடம், ஸ்பானிஷ் வழிப் பெண்களில் முதலாமவர்.

இந்த மேடைகளைவிட முக்கியமானது மயாமியில் அவர்கள் கட்டிய ஸ்டூடியோ. 'ரொம்ப லத்தீன்' என்று சொல்லித் திருப்பி அனுப்பும் அதிகாரி இருக்கும் வரை ஒவ்வொரு பாட்டுக்கும் சண்டை போட வேண்டும். ஸ்டூடியோ சொந்தமாகிவிட்டால் அந்த மேஜைக்கு இந்தப் பக்கம் உட்காரலாம். குளோரியாவுக்குப் பின்பாட்டுப் பாடிக்கொண்டிருந்த ஜான் செகாடா 1992இல் தனி நட்சத்திரமானார், 'கம்மிங் அவுட் ஆஃப் த டார்க்' எழுதியதில் அவர் பங்கும் உண்டு. கொலம்பியாவின் ஷகீரா ஆங்கிலத்தில் பாடத் தீர்மானித்தபோது வந்து நின்றது எஸ்தெஃபான்களிடம். 2001இல் உலகைச் சுற்றிய 'வென்னெவர், வேர்எவர்' பாட்டின் ஆங்கில வரிகளை எழுதியதில் குளோரியாவின் கையும் இருக்கிறது. ஷகீராவின் முதல் பெரிய ஆங்கில வெற்றி அது. ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்தே யோசிக்கிற ஒருவர் பக்கத்தில் இருந்ததன் பலன். இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லா நாட்டுக் கலைஞர்களும் மயாமிக்கு வந்து ஒரே மாதிரி மெருகேறிப் போனார்கள், ஊர் வாசனை போய்விட்டது என்பது 1990களின் இறுதியில் லத்தீன் அமெரிக்க விமர்சகர்கள் அடிக்கடி வைத்த புகார். அந்தக் காலத்து ஆல்பங்களை இப்போது வரிசையாகக் கேட்டால் புகார் வீணானதாகத் தெரியவில்லை.

அரசியலில் அவர் எங்கே நிற்கிறார் என்பதும் இந்தக் கதையின் பகுதிதான். காஸ்ட்ரோ எதிர்ப்பில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. 2000இல் கியூபாவிலிருந்து தப்பி வரும்போது அம்மா கடலில் மூழ்கிப்போக, உயிர் பிழைத்து மயாமி வந்த எலியான் கொன்சாலெஸ் என்ற ஆறு வயதுப் பையனைக் கியூபாவுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்று மயாமி கொந்தளித்தபோது, அவன் தங்கியிருந்த உறவினர் வீட்டு வாசலில் போய் நின்றார். 2010 மார்ச்சில், கியூபச் சிறைக்கைதிகளின் குடும்பப் பெண்களுக்கு ஆதரவாக கய்யே ஓச்சோவில் பெரும் ஊர்வலத்தை நடத்தினார். ஆனால் 1997இல் நடந்தது வேறு. தீவிலிருந்து வரும் கலைஞர்களை மயாமியில் வாசிக்க விட வேண்டும் என்று சொன்னதற்காக ஓர் உள்ளூர் ஆலோசனைக் குழு உறுப்பினரைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். அவருக்காகப் பேசி, கருத்துச் சுதந்திரத்துக்காகத்தானே நாம் அங்கிருந்து வந்தோம் என்ற பொருளில் குளோரியா பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். சொந்தச் சமூகமே அவரைத் திட்டித் தீர்த்தது. புலம்பெயர்ந்த சமூகத்தில் தலைமைக் கலைஞராக இருப்பதன் விலை எவ்வளவு என்று அந்த வாரங்களில் தெரிந்திருக்கும்.

2007இல் வந்த ஆல்பத்துக்கு '90 மைல்' என்று ஸ்பானிஷில் பெயர் வைத்தார். ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் முனைக்கும் கியூபாவுக்கும் இடையே சொல்லப்படும் தூரம் அது. அதற்கடுத்த முழு ஸ்பானிஷ் ஆல்பம் 'ராயீசெஸ்', வேர்கள், 2025இல்தான் வந்தது. இவ்வளவுக்கும் நடுவில் ஹவானாவில் அவர் ஒரு கச்சேரிகூடச் செய்ததில்லை. இந்த ஆட்சி இருக்கும்வரை பாட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

கியூப மண்ணில் அவர் பாடவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1994இல் கட்டுமரங்களிலும் டயர் டியூப்களிலும் கடலில் இறங்கிய பல்லாயிரம் பேரை அமெரிக்கக் கடலோரக் காவல்படை பிடித்து, தீவின் கிழக்கு முனையில் இருக்கும் குவாந்தனாமோ கடற்படைத் தளத்தில் அடைத்து வைத்தது. மறு வருடம் குளோரியா அங்கே போனார். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் முள்வேலி, அதற்கு அந்தப் பக்கம் கியூபா. சொந்த நாட்டிலிருந்து தப்பி, சொந்த நாட்டு நிலத்திலேயே அகதிகளாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு 'மி தியேர்ரா'வைப் பாடினார்.